அணை நிரம்பிய செய்தி ஆச்சி வீட்டுக்கு வந்த வழி

ஐப்பசி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் பலர் கண் முதலில் தேடுவது ஒரு சின்னச் செய்தியைத்தான். பாபநாசம் அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. அதற்குக் கீழே சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி. நாலைந்து வரிதான். ஊடக அறிவையும், ஒரு தகவல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேரும் விதத்தையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த நாலைந்து வரியை விட நல்ல பாடம் இந்த மண்ணில் வேறு இல்லை என்று நான் நம்புகிறேன்.

'பாபநாசம் அணை நீர்மட்டம் 143 அடி' என்று ஒரு நாள் வருகிறது. அம்பாசமுத்திரத்து விவசாயி இதைப் படித்தால் மனம் குளிர்ந்துபோவார். அந்த அணையின் முழு உயரமே 143 அடிதான். அணை நிரம்பிவிட்டது, பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் உண்டு. திருநெல்வேலி கைலாசபுரத்தில் ஆற்றை ஒட்டிக் குடியிருப்பவருக்கு அதே வரி வேறு விதமாகப் படுகிறது. இனிமேல் வருகிற தண்ணீரை அணை தாங்கிப் பிடிக்காது, அப்படியே ஆற்றில் விடுவார்கள், பாத்திரம் பண்டத்தை மேலே ஏற்ற வேண்டும். வெளியூரிலிருந்து வந்து பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவருக்கோ 143 அடி வெள்ளம் ஊருக்குள் வரப்போகிறது என்றே தோன்றலாம். வரி ஒன்று, அது சேர்ந்த இடத்தில் அர்த்தம் மூன்று.

வில்பர் ஷ்ராம் என்ற அமெரிக்கத் தகவல் தொடர்பு அறிஞர் 1954இல் இதைத்தான் அனுபவ வட்டம் என்று விளக்கினார். சொல்பவருக்கு ஒரு வட்டம், கேட்பவருக்கு ஒரு வட்டம். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகிற இடத்தில் மட்டும்தான் பேச்சு புரிகிறது. அணைகளின் முழு உயரம் தெரிந்தவருக்கும் (சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி) தெரியாதவருக்கும் நடுவில் அந்த வட்டங்கள் தொட்டுக்கொள்வதே இல்லை. பெயரிலும் இதே சிக்கல் உண்டு. பேப்பர் பாபநாசம் அணை என்று எழுதுவதைத்தான் ஊர்க்காரர்கள் காரையாறு அணை என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அணை என்று நினைப்பவருக்கு ஒரே அணையில் திறந்த தண்ணீர் இரண்டு மடங்காகத் தெரியும்.

சரி, இந்த வரி எங்கே பிறந்து எந்த வழியாக வருகிறது? அணையில் ஒருவர் அளவுகோலைப் பார்த்து எழுதுகிறார். அது நீர்வளத் துறை அலுவலகத்துக்குப் போகிறது, அங்கிருந்து கலெக்டர் அலுவலகத்துக்கும் செய்தியாளர்களுக்கும் போகிறது. செய்தியாளர் எழுதியதை டெஸ்க்கில் இருப்பவர் சுருக்குகிறார். பிறகு யாரோ அதை ஒரு படமாக்கி, சிவப்பு எழுத்தில் 'பாபநாசம் அணை திறப்பு! 10,000 கன அடி!' என்று போடுகிறார். 'வினாடிக்கு' என்ற சொல் இந்த இடத்தில் உதிர்ந்துவிடுகிறது. சின்னச் சொல்தான், ஆனால் அது போனால் கணக்கே போயிற்று. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். வினாடிக்கு 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் 2.83 லட்சம் லிட்டர் என்று பொருள். 'வினாடிக்கு' இல்லாவிட்டால் 10,000 கன அடி என்பது ஒரு தொட்டித் தண்ணீருக்குக் கணக்கு. பயப்பட வேண்டியதைப் பயப்படாமலும், பயப்பட வேண்டாததைப் பயந்தும் படிக்க வைப்பது இந்த மாதிரி உதிரும் சொற்கள்தான்.

அந்தப் படம் தெருவின் வாட்ஸ்ஆப் குழுவுக்கு வருகிறது. அதைப் பார்த்த ஒருவர் படபடப்பில் குரல் செய்தி போடுகிறார்: 'காரையாறு அணையைத் தொறந்துட்டாங்களாம், ஆத்துல தண்ணி பயங்கரமா வருதாம்.' அடுத்த தெருக் குழுவில் அது 'அணைக்கு என்னமோ ஆயிட்டாம்' ஆகிறது. சாயங்காலம் ஆச்சி வாசலில் நின்று கூப்பிடுகிறார்: 'ஏ ஐயா, அணை உடைஞ்சிட்டுங்காவ, வா மச்சுக்குப் போயிருவோம்.' மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் கூடும்போது இந்தப் பேச்சை நான் ஒரு முறைக்கு மேல் கேட்டிருக்கிறேன். கருப்பாக வாந்தி எடுத்தவன் ஊர் எல்லைக்குப் போவதற்குள் காக்கா காக்காயாக வாந்தி எடுத்தவனாகிவிட்ட கதையை நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். இந்த வழியில் யாருமே வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'திறப்பு' என்பது 'உடைப்பு' ஆனது, கேட்டவர்கள் தங்கள் பயத்தையும் சேர்த்துச் சொன்னதால்தான்.

தகவல் தொடர்பைப் பற்றிய பாடப் புத்தகங்கள் ஒரு படத்தோடு தொடங்கும். மூலம், அனுப்பும் கருவி, வழி, பெறும் கருவி, சேருமிடம். வழியின் நடுவே இரைச்சல் என்று ஒரு அம்பு. 1948இல் அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வகத்தில் வேலை பார்த்த க்ளாட் ஷானன் வரைந்த படம் அது. அவர் கவலை டெலிபோன் கம்பியைப் பற்றியது: இந்த முனையில் போட்டது அந்த முனையில் பிசகாமல் வருமா? சொன்னதன் அர்த்தம் தம் கணக்கில் சேராது என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். இதைப் பல ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. படத்தை வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண், முடிந்தது. ஆனால் ஷானனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம் அந்தப் படத்தில் இல்லை. இரைச்சலை மீறி ஒரு தகவல் முழுசாகப் போய்ச் சேர வேண்டுமானால் அதில் மிகைச் சேர்க்கை வேண்டும் என்றார். அதாவது, ஒரு பகுதி கெட்டாலும் மற்றதை வைத்துச் சரிபார்க்கும்படி, கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வானொலிச் செய்தி முடியும்போது தலைப்புச் செய்திகளை மறுபடி வாசிப்பது இதற்காகத்தான். போன் நம்பரைச் சொல்பவர் இரண்டு முறை சொல்வதும், தண்டோரா போட்டுச் சாட்டுகிறவர் ஒரே அறிவிப்பைத் தெருத்தெருவாக அதே சொற்களில் சொன்னதும் இதற்காகத்தான்.

இப்போது குழுக்களுக்கு வருவோம். 'பத்துக் குழுவுல வந்துட்டு, பொய்யா இருக்குமா?' என்று கேட்கிறார்கள். பத்துக் குழுவில் வந்தது ஒரே குரல் செய்தி. ஊற்று ஒன்றுதான், வாய்தான் பத்து. அணையில் அளந்தவர் ஒரு எண் சொல்லி, பாபநாசத்தில் இருக்கும் உறவுக்காரர் தன் கண்ணால் பார்த்து இன்னொன்று சொல்லி, இரண்டும் ஒத்துப்போனால் அது மிகைச் சேர்க்கை. அதில் ஒன்று மற்றதைத் திருத்தும். ஒரே குரலைப் பத்துப் பேர் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடும்போது (ஃபார்வர்ட் செய்யும்போது) முதல் ஆள் செய்த பிழையும் பத்தாகப் பெருகுகிறதே தவிர, ஒருவரும் இன்னொருவரைத் திருத்துவதில்லை. மாணவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாதே, எத்தனை பேர் தாமாகப் பார்த்தார்கள் என்று எண்ணு.

இப்படி எண்ணாததால் உயிர் போயிருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிக் குடும்பத்தோடு காரில் வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்ஆப் வதந்தியால் கொதித்துப்போயிருந்த ஊர் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய பிள்ளை கடத்தல் காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்ஆப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி மாற்றியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. செய்தியின் மேல் தெரியும் இரட்டை அம்புக்குறி, அது பல கை மாறி வந்தது என்பதற்கான அடையாளம்தான். அந்தக் குறி இருந்தால் அனுப்பியவர் நம் மாமாவே ஆனாலும் செய்தி மாமாவுடையது இல்லை.

மாமா அனுப்பியதை நம்புவது தப்பா? இது கொஞ்சம் நுணுக்கமான இடம். நம் பக்கத்தில் ஆள் முகம் பார்த்து நம்புவது பழைய வழக்கம், அது நல்ல வழக்கமும் கூட. கடை அண்ணாச்சி 'அரிசி நல்லாருக்கும், கொண்டு போங்க' என்றால் அவர் பேர் அதில் இருக்கிறது. கெட்டிருந்தால் நாளைக்கு அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். தள்ளிவிடும் செய்தியில் அண்ணாச்சியின் முகம் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் அவர் பொறுப்பு வருவதில்லை. அமெரிக்க அறிஞர் ஹரால்ட் லாஸ்வெல் தகவல் தொடர்பைப் பற்றி 1948இல் கேட்ட ஐந்து கேள்விகளில் முதல் கேள்வி 'யார் சொல்கிறார்?' என்பது. மீதி நான்கும் அதற்குப் பின்னால்தான்: என்ன சொல்கிறார், எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு. நம் போனில் தெரியும் பெயர் மூன்றாம் கேள்விக்கு, அதாவது வழிக்கு, விடை. அதை முதல் கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசி ஏமாற்றம் நடக்கிறது.

ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை சுற்றிய ஏறத்தாழ 1.26 லட்சம் செய்திக் கதைகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு உண்மையை விட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைப் போய்ச் சேர உண்மை எடுத்துக்கொண்ட நேரம் பொய்யைப் போல ஆறு மடங்கு. இதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான் என்பது அவர்கள் முடிவு. பொய் புதுசாக இருக்கிறது, திடுக்கிட வைக்கிறது. 'அணை நிரம்பியது' என்பதை யாரும் ஓடிப்போய்ச் சொல்வதில்லை.

அப்படியென்றால் எப்படிச் சரிபார்ப்பது? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் ஒரு ஆய்வு செய்தார்கள். 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்கள். எல்லோரிடமும் சில இணைய தளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். படித்த அறிஞர்களும் கெட்டிக்கார மாணவர்களும் அந்தத் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து மேலும் கீழும் படித்தார்கள். அழகான வடிவத்திலும் முத்திரையிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உள்ளே நின்று நேரத்தைப் போக்கவில்லை. உடனே வெளியே வந்து வேறு தாவல்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பெண் பார்க்கப் போகிறவர்கள் அந்த வீட்டில் உட்கார்ந்து அவர்கள் பெருமையை மட்டும் கேட்டுவிட்டு வருவார்களா? தெருமுனைக் கடையில் நாலு வார்த்தை விசாரித்துவிட்டுத்தானே முடிவு செய்வார்கள். அதே விசாரிப்பைப் போனிலும் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணீருக்குள் நிற்கும் படம் ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் வரும். ஆற்றுக்குள்ளேயே கட்டிய கோயில் அது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்வார்கள். கோயிலின் எந்தப் பகுதி வரை தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தே பெரியவர்கள் வெள்ளத்தை மதிப்பிடுவார்கள். ஆனால் 1992 வெள்ளத்திலும் அந்தக் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்தது, 2023லும் சூழ்ந்தது, நடுவிலும் பல முறை. படத்தில் இருப்பது உண்மையான கோயில், உண்மையான வெள்ளம். பொய் இருப்பது 'இன்று காலை' என்ற இரண்டு சொற்களில். படத்தைத் திருப்பித் தேடும் வசதி கூகுளில் இருக்கிறது, அது பழைய படத்தைக் காட்டிக்கொடுக்கும். அதை விடச் சுலபம், குறுக்குத்துறைப் பக்கம் இருக்கும் ஒருவருக்குப் போன் போடுவது. 2023 மார்ச்சில் வெளிமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பரவிய காணொளிகளும் இதே வகைதான். வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த அடிதடிக்குப் புதுத் தலைப்பு வைத்திருந்தார்கள். பயந்துபோய் மூட்டை கட்டியவர்கள் உண்டு. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துப் போனது. செயற்கை நுண்ணறிவு குரலையும் முகத்தையும் போலி செய்யும் காலம் வந்துவிட்டது, உண்மைதான். ஆனாலும் நம் குழுக்களில் சேதம் செய்பவை இன்னும் பெரும்பாலும் பழைய படமும் புது வரியும்தான்.

எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுப்பது இன்னொரு பெரிய தவறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. இந்த எண் முதலில் வந்தபோது யாரோ புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். 9.5 ஆக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அது 95தான். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர்–சென்னை ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தன. செல்போன் கோபுரங்கள் செயலிழந்து பல ஊர்களோடு பேசவே முடியவில்லை. ஷானன் படத்தில் இரைச்சல் என்று ஒரு அம்புக்குறி போடுகிறோமே, அந்த அம்புக்குறி இப்படித்தான் இருக்கும். உண்மையே நம்ப முடியாததாக வரும் நாளும் உண்டு. புலி வருது புலி வருது என்று பொய்க்குப் பழகிய காது, நிஜப் புலி வந்த அன்று வீட்டை விட்டுக் கிளம்பாது. சந்தேகப்படப் பழக்குவது போல, எதை நம்பிக் கிளம்ப வேண்டும் என்றும் பழக்க வேண்டும். வானிலை ஆய்வு மையம் 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர், 'மிக கனமழை' என்றால் 12 முதல் 20, 'அதி கனமழை' என்றால் 20க்கு மேல். அந்தச் சொற்களுக்கு அளவு உண்டு. தொலைக்காட்சியில் 'கொட்டித் தீர்க்கும்' என்பதற்கு அளவு கிடையாது. சந்தேகம் வந்தால் கேட்க 1077 என்ற எண் இருக்கிறது, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு 'அணையைத் திறந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்' என்ற பேச்சு பலமாக ஓடியது. அணைத் தண்ணீரும் வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் காயல்பட்டினம் மலையிலிருந்து வெகு தூரத்தில் கடற்கரையில் இருக்கிறது. அங்கே விழுந்த 95 சென்டிமீட்டரும் நேராக வானத்திலிருந்து விழுந்தது. ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடும் செய்தி மனதுக்குச் சுலபம். ஆற்றுக்குத் தண்ணீர் வரும் வழிகளை வரைபடத்தில் பார்த்தாலே, சீவலப்பேரியில் வந்து கலக்கும் சிற்றாறு உட்பட, அது எவ்வளவு அரைகுறை என்று தெரியும்.

1982இல் ஜெர்மனியின் க்ரூன்வால்டில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கம், ஊடகங்களைப் புரிந்துகொள்வதைப் பள்ளிக் கல்வியின் பகுதியாக்க வேண்டும் என்று அறிவித்தது. 2011இல் யுனெஸ்கோ ஊடக அறிவையும் தகவல் அறிவையும் ஒன்றாகச் சேர்த்து ஆசிரியர்களுக்கான பாடத்திட்டம் தந்தது. அதில் ஒரு பாதியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்: வருகிற செய்தியில் பொய்யைக் கண்டுபிடிப்பது. அனுப்புகிறவராக மாணவர் என்ன செய்கிறார் என்ற மறுபாதி எங்கள் மாவட்டத்துக்கு இன்னும் அவசரமானது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதை ஒட்டி அரசு அமைத்த ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு, விரலில் போடும் மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றுக்குத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு எப்படி ஒரு செய்தி ஆகும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பிள்ளைக்கு அந்த நிறம் படிக்கத் தெரியும். ஒரு எழுத்து கூட இல்லாமல் அது 'நான் யார், நீ யார், தள்ளி நில்' என்று சொல்லிவிடும். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைக்கும் அரிவாள் படமும் சாதிப் பெருமைப் பாட்டும் அதே கயிறுதான், கொஞ்சம் நீளமாக. வைத்தவன் 'சும்மா கெத்துக்கு வச்சேன் சார்' என்பான், அவன் வரைக்கும் அது உண்மையாகக் கூட இருக்கலாம். படிப்பவனின் அனுபவ வட்டத்தில் அது மிரட்டலாகத்தான் போய் விழுகிறது. லாஸ்வெல்லின் கடைசிக் கேள்வி, 'என்ன விளைவோடு?', இங்கேதான் நெஞ்சில் தைக்கிறது. பொய்யே இல்லாத தகவலாலும் கேடு செய்யலாம் என்பதற்காக 2017இல் க்ளேர் வார்டில், ஹுசைன் தெரக்ஷான் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று வகை பிரித்தார்கள்: தெரியாமல் பரப்பும் பிழை, தெரிந்தே பரப்பும் பொய், கெடுதல் செய்யவென்றே பரப்பும் உண்மை. ஒரு பிள்ளையின் சாதியை அவன் சொல்லாமல் வகுப்புக் குழுவில் போடுவது மூன்றாம் வகை. சரிபார்த்தால் 'சரி' என்றே விடை வரும்.

செய்தி போய்ச் சேராத இடங்களையும் மாணவர்கள் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. 'கரையோர மக்கள் மேடான இடத்துக்குச் செல்லவும்' என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகும் அறிவிப்பு, அந்தப் பிள்ளைகள் இருக்கும் வீட்டைத் தாண்டிப் போய்விடும். யாருக்கு என்று கேட்காத அறிவிப்பு அப்படித்தான்.

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பயிற்சி செய்தேன். ஐப்பசி முதல் மார்கழி வரை தினமும் அணை அளவை நோட்டில் எழுத வேண்டும். பேப்பரில் என்ன, போனில் வந்த படத்தில் என்ன, வீட்டில் பேசிக்கொண்டது என்ன என்று மூன்று கட்டம். முதல் வாரமே மூன்று கட்டத்திலும் மூன்று எண். சிலது முந்தின நாள் அளவு, சிலது சேர்வலாறு எண்ணைப் பாபநாசத்துக்குப் போட்டது, சிலது எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. எது சரி என்று வகுப்பே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: 'சார், இதை யாரு எத்தனை மணிக்கு அளக்காவ? அதை நோட்டுல எழுத ஒரு கட்டம் இல்லையே.' நான்காவது கட்டத்தை அன்று போட்டோம்.